பின்கதவைத் திறக்கும் மரக்கடை அக்கா

காலையில் மரக்கடை அக்கா முதலில் திறப்பது பின்கதவைத்தான். முன்வாசலில் ஆள் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும், பின்பக்கம் போய்த் தண்டவாளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருவார். கேட்டால், "கடைக்கு மூஞ்சி அந்தப் பக்கம். நீங்க முதுகுல நின்னு கத்துறீங்க" என்பார்.

அவர் சொல்வது பொய்யில்லை. ரயில் வந்த பிறகுதான் அந்த ஊருக்குக் கடைத்தெருவே வந்தது. ஸ்டேஷனிலிருந்து பிரியும் ஒற்றைத் தண்டவாளத்தை ஒட்டி முதலில் மாவு மில், அப்புறம் ஐஸ் ஃபேக்டரி, மரக்கடை, சிமென்ட் கிடங்கு. சரக்குப் பெட்டியின் உயரத்துக்குத்தான் எல்லோரும் பின்பக்கம் மேடை கட்டினார்கள். ஐஸ் ஃபேக்டரி இன்று ஜவுளிக்கடை. மேடை மட்டும் அப்படியே நிற்கிறது. "இந்த ரெண்டு இரும்பு போட்ட சோத்தைத்தானேய்யா எல்லாரும் தின்னோம்" என்பார் அக்கா, கேட்டவர்களிடமெல்லாம். கேட்காதவர்களையும் விடமாட்டார்.

பெட்டி வந்து நின்றால் ஆறு மணி நேரத்தில் காலி செய்தாக வேண்டும். தவறினால் அடுத்த பெட்டி லேசில் கிடைக்காது. அதனால் யார் சரக்கு வந்தாலும் தெருவே திரண்டு இறக்கும்.

அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்த அன்று பார்த்து அவர்களுடைய மரம் வந்து நின்றது. அடக்கம் முடிந்து திரும்பினால், பலகையெல்லாம் கடைக்குள் அடுக்கியாகிவிட்டது. யார் முன்னின்று செய்தது என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனால் இடையிடையே காற்றுப் போகக் குச்சி வைக்காமல், மூட்டை மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தது. "சிமென்ட்டுக்காரரைத் தவிர வேற யாருக்கு இந்தப் புத்தி வரும்? பாதிப் பலகை வளைஞ்சே போச்சு. மகராசன், நல்லா இருக்கணும்" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கண் நிறைந்துவிடும்.

போன வாரம் அந்தச் சிமென்ட்டுக்காரர் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய பெட்டியோ சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. இறக்கிய மூட்டைகள் திறந்த மேடையில் நனைந்தால் அத்தனையும் கல்லாகிவிடும். மனிதர் எழுந்திருக்கவே முடியாது.

அக்கா கடையைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினார். "யாருய்யா அங்க வானத்தை வேடிக்கை பாக்கிறது? வாங்க! பிள்ளை பொறக்கிற நாளும் அதுவுமா அந்த மனுசன் அழணுமா?"

மாவு மில்காரர் வந்தார். ஜவுளிக்கடை ஆட்கள் மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். "நீங்க உக்காருங்கக்கா" என்ற ஒருவரை அக்கா முறைத்த முறைப்பில் அவர் இரண்டு மூட்டை கூடுதலாகச் சுமந்தார். கடைசி மூட்டை கிடங்குக்குள் போகவும் தூறல் விழவும் சரியாக இருந்தது.

அப்போதுதான் சேதி கிடைத்துச் சிமென்ட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். காலிப் பெட்டியைப் பார்த்தார். தலையெல்லாம் சிமென்ட் தூசியாக நின்ற அக்காவைப் பார்த்தார்.

"அக்கா... பேத்தி..." என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

பெட்டியைக் கூட்டிச் சுத்தம் செய்துதான் திருப்பி அனுப்ப வேண்டும். அக்கா அந்தக் கூப்பிய கைகளைப் பிரித்து, நடுவில் ஒரு துடைப்பத்தைச் செருகினார்.