நால்வருக்கு வாங்கிய கத்திகள்

பழுப்புத் தாளைப் பிரித்து நான்கு கத்திகளையும் என் மேசைமேல் வரிசையாக வைத்த காலை இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி: கறுப்பு பிளாஸ்டிக் பிடி, பளபளக்கும் அலகு, இடுப்பில் மாட்டிக்கொள்ள ரெக்சின் உறை. காவல்காரர்களில் மூத்தவரான பெரிய வாட்சர் ஒன்றை எடுத்தார். அலகைப் பார்க்கவில்லை, பிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு உறையில் செருகி இடுப்பில் மாட்டிக்கொண்டார். அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அது தொண்ணூறுகளின் கடைசி. சின்னமனூருக்கு மேலே மலையில், ஒரு தனியார் ஏலக்காய் எஸ்டேட்டில் நான் கிளார்க்காக இருந்தேன். நான்கு வாட்சர்கள் இரண்டு சோடியாகப் பிரிந்து காட்டோரம் சுற்றிக் காவல் காப்பார்கள். முந்தைய வருடம் குடியிருப்பில் இரண்டு பேருக்குள் அரிவாள் வெட்டு நடந்துவிட்டது. அதிலிருந்து அரிவாள்களையெல்லாம் ஸ்டோரில் பூட்டிவைக்க வேண்டும், வாட்சர்களும் சாண் நீளக் கத்திக்கு மேல் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். நான்கு பேருக்கும் கத்தி வாங்கும் வேலை எனக்கு வந்தது. கையில் கொடுத்த பணம் சொற்பம்.

கத்தியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காய்கறி நறுக்குவதற்கு மேல் நான் அதை யோசித்ததில்லை. அதனால் பெரிய வாட்சரிடம் கேட்டேன். மார்க்கையன்கோட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும், அளந்து பேசுகிறவர். "மடக்குக் கத்தி வேணாம் கிளார்க்கம்மா. ஈரக் கையில அழுத்துனா நம்ம விரல்லயே மடங்கிரும். மடங்காத கத்தியாப் பாருங்க. இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடியிருக்கணும். கடைக் கத்தியில விரக்கடை அளவுதான் உள்ள சொருகியிருப்பான். பாக்க நல்லா இருக்கும், அடி தாங்காது" என்றார். சின்னமனூர்ப் பட்டறையில் பழைய லாரியின் வில் பட்டையிலிருந்து அடித்துக் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். போய் விசாரித்தேன். என்னிடம் இருந்த பணத்துக்கு இரண்டுதான் கிடைக்கும். அவரிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டே வாங்குங்க. சோடிக்கு ஒண்ணு போதும், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போறோம்" என்றார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பனிமூட்டத்தில் இருவரும் பிரிந்துபோய், கத்தி இல்லாதவன் எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். அந்த யோசனை தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை. நான்கு பேருக்கு என்று கொடுத்த பணத்தில் இரண்டை வாங்கிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நிற்க எனக்குப் பயம். தேனியில் ஒரு இரும்புக் கடையில் நான்கு கத்தி வாங்கிக்கொண்டு மலையேறினேன். பெரிய வாட்சரோடு சோடியாகப் போகிறவருக்கு மட்டும் அதை ரொம்பப் பிடித்துப்போனது. முன்கை ரோமத்தை அதிலேயே மழித்துக்காட்டி, "இனிமே சலூனுக்குப் போகத் தேவையில்ல கிளார்க்கம்மா" என்று சிரித்தார். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத மனிதர்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் அவர்கள் இருவரும் ஓடையைக் கடக்கும்போது கரையிலிருந்த மரம் வேரோடு சாய்ந்தது. சோடிக்காரரின் கால் கிளைக்கும் பாறைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைதான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பெரிய வாட்சர் தனியாக எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் கிழிந்திருந்தன. அவன் கத்தி வெள்ளத்தோடு போய்விட்டது, என் கத்தியும் தண்ணீரில் நழுவிவிட்டது, கையால் இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு உடலை எடுத்து வந்தார்கள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தார். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். நின்றபடியே சொன்னார்: "கத்தி நழுவலம்மா. கிளையில வச்சுக் கல்லால அடிச்சேன். நாலாவது அடியில அலகு கிளையோட நின்னுருச்சு, பிடி மட்டும் என் கையில இருந்துச்சு. அவன் கத்தியிலயும் அடிச்சேன். அதுவும் அப்படித்தான். பெறகு அவன் தலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தண்ணி என் கழுத்துக்கு வந்துருச்சு." கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ரெண்டு பிடியையும் நாந்தான் ஓடையில வீசிட்டேன். மறுநா உடம்ப எடுக்கப் போனப்ப அலகையும் பிடுங்கிப் போட்டுட்டேன். ஒடஞ்ச கதை அவன் பொஞ்சாதிக்கு, அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேணாம். தண்ணி கொண்டுபோயிருச்சுன்னா அழுது ஆறிரும். நல்ல கத்தியா இருந்தா பொழச்சிருப்பாகன்னு தெரிஞ்சா எப்படி ஆறும்?" என்றார். என் மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

ஆனால் அவள் ஆறவில்லை. எஸ்டேட் அவளுக்கு ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை கொடுத்தது. என் அறைக்கு அடுத்த அறை. பெரிய வாட்சர் அந்தப் பக்கம் வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். "ஒரு கத்தியக் கையில பிடிக்கத் தெரியாத ஆளு, என் குடியக் கெடுத்துட்டான்" என்று மற்றப் பெண்களிடம் சொல்வது சுவர் வழியே எனக்குக் கேட்கும். அவருக்கும் கேட்டிருக்கும். என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாள். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவர் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவருடைய வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நான்கு வருடம் அப்படியே இருந்துவிட்டு, கல்யாணமாகித் தேனிக்கு வந்துவிட்டேன்.

போன வருடம் பெரிய வாட்சர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். கூட்டத்தில் அவள் இல்லை. பத்து நாள் கழித்து சின்னமனூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. நலம் விசாரித்த பிறகு அவளே, "அந்தாளு செத்துட்டானாமே. சொல்லி விட்டாக, நான் போகல" என்றாள்.

அங்கேயே, நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையை, இரண்டு கத்தியை, நான்கு கத்தியை, கிளையில் நின்ற அலகை. அவர் ஏன் பொய் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"பாக்குறப்பல்லாம் காறித் துப்பியிருக்கேனே" என்றாள். பிறகு, "அவுக வீடு மார்க்கையன்கோட்டையில எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

வழி சொன்னேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வேணாம். நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.