குளச்சலில் நாலு சுவர் ஆட்டம்

2013 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை 8.40க்கு நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் நானும் மகள் நித்யாவும் குளச்சல் பேருந்தில் ஏறினோம். மணவாளக்குறிச்சி வழி, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய்.

ஆறு மாதத்துக்கு முன் வில்லுக்குறி அருகே அவள் ஸ்கூட்டரை ஒரு லாரி உரசியதில் வலது முட்டி உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, மருத்துவரும் நடக்கச் சொல்லிவிட்டார். நான்தான் இன்னும் அவளைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக அனுப்புவதில்லை. மேற்படிப்புக்குக் கோயம்புத்தூரில் இடமும் விடுதியும் கிடைத்திருந்தன. ஒரு நடன வகுப்பு முழுக்க அந்தக் காலில் நின்றுவிட்டால் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். வகுப்பைத் தேடிக் கண்டுபிடித்தது அவள்.

9.50. தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். லைன் டான்ஸுக்கு ஜோடி தேவையில்லை. எல்லோரும் வரிசைகளாக நின்று, ஒரே திசை பார்த்து, ஒரே அடி வைக்க வேண்டும். வகுப்பு எடுக்கும் செலின் டீச்சர் பஹ்ரைனில் நர்ஸாக இருந்தபோது கற்றுக்கொண்டது. நான் ஓரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்தேன்.

“சாரே, அத அங்கேயே போடும். இஞ்ச பாக்க ஆளு வேண்டாம், ஆடத்தான் ஆளு வேணும்.”

“நான் கணக்கு வாத்தியாருங்க, டீச்சர்.”

“பின்ன என்ன? எட்டு வர எண்ணத் தெரியுமில்லா?”

நித்யாவுக்கு முன்வரிசை, எனக்குக் கடைசி வரிசை. வசதியாகப் போயிற்று, அங்கிருந்து அவள் முட்டி தெரிந்தது. மீன் ஏலம் முடித்து நேராக வந்திருந்த மேரியக்கா என் பக்கத்தில் நின்றார்.

“வேட்டிய மடிச்சுக் கெட்டும். அதக் காலால சவுட்டி விழுந்தீருன்னா தூக்க நாலு ஆளு வேணும்.”

டீச்சருக்குப் பிடித்த ஆட்டங்கள் மூன்று. வகுப்பைத் தொடங்க ‘பெட்டி’: பக்கம், முன், பக்கம், பின் என்று தரையில் ஒரு சதுரம். கால் சூடானதும் ‘வலை’: பக்கவாட்டில் போகையில் ஒரு கால் மற்றதன் பின்னால் நுழைந்து வரும். கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் அவர் வைத்திருப்பது ‘நாலு சுவர்’. முப்பத்திரண்டு எண்ணியதும் எல்லோரும் இடப்பக்கம் கால்பங்கு வட்டம் திரும்பி, அடுத்த சுவரைப் பார்த்து மறுபடி தொடங்க வேண்டும்.

“இது ஒருத்தரயும் உட்கார விடாது. அதாக்கும் எனக்குப் பிடிச்சது” என்றார்.

11.10. ‘நாலு சுவர்’ தொடங்கியது. இரண்டாம் சுவரில் நித்யா என் வலப்பக்கம் போனாள், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் சுவருக்குத் திரும்பினால் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும், அவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். நான் எதிர்ப்பக்கம் திரும்பி அவளைப் பார்த்து நின்றுவிட்டேன். மொத்தக் கூட்டமும் என்னை நோக்கி வந்தது. மேரியக்கா மோதியே விட்டார்.

“ஏ சாரே, நீரு எந்தக் கரைக்குப் போறீரு?”

மண்டபமே சிரித்தது. நித்யா சிரிக்கவில்லை.

“அப்பா, இப்ப நீங்கதான் முன்வரிசை. உங்களப் பாத்துதான் நாங்க ஆடணும். சுவரப் பாருங்க.”

சுவரைப் பார்த்தேன். எட்டு எண்ணினேன். தரையில் விழும் கால்களின் சத்தத்தில் அவள் வலது காலைத் தேடினேன். பிரித்தெடுக்க முடியவில்லை, எல்லாக் கால்களும் ஒன்றாகத்தான் விழுந்தன.

12.30. திருவிழா ஆட்டத்துக்கு மாலை வரை ஒத்திகை இருப்பதாகவும், நித்யாவும் சேர்ந்துகொள்ளலாம் என்றும் டீச்சர் சொன்னார்.

“நீங்க போங்கப்பா. நான் அஞ்சு மணி பஸ்ல வாறேன்.”

“முட்டி?”

“வலிக்குது. வலிச்சாலும் நிக்குது.”

காத்திருந்து கூட்டிப்போகிறேன் என்பது வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு நிறுத்தத்துக்கு நடந்தேன்.

1.05. ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை காலி. மண்டைக்காட்டில் நின்றதும் எழுந்துவிட்டேன். எதிர்த்திசையில் குளச்சல் பேருந்து ஒன்று ஆளேற்றிக்கொண்டிருந்தது.

“எறங்குதியளா, இல்லையா?” என்றார் நடத்துநர்.

“இல்ல” என்று சொல்லி உட்கார்ந்தேன். முன்கம்பியைப் பற்றிய கை மணவாளக்குறிச்சி தாண்டியும் விடவில்லை. கோயம்புத்தூர் நானூறு கிலோமீட்டருக்கு மேல். அவளை ரயிலேற்றிவிட்டு வரும்போதும் எதையாவது இப்படித்தான் பிடித்துக்கொண்டு வருவேன். ஆனால் ஏற்றிவிடுவேன்.