பாய் கடைக் கணினியின் மொழி

கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தது, தேனியில் வேலைக்குச் சேர்ந்தபின் நான் தனியாகச் செய்த முதல் வேலை. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் தங்கள் காயின் தரத்தையும் அன்றைய விலையையும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகள். ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அது அவர் கணக்கில் பதிவாகும். அடுத்த முறை அதே மொழியில் திறக்கும். அலுவலகத்தில் மொழிக்கொரு கணக்கு வைத்து வரிசையாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

கடைக்குப் போனதும் கெட்டது. ஊரே பாய் என்று கூப்பிடும் கடைக்காரர் போன் செய்தார்.

"கம்ப்யூட்டரு பாதி நேரம் மலையாளத்துலயே நிக்கிதும்மா. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா பழையபடி போன்லயே வெல சொல்லிக்கிறேன்."

நேரில் போய் ஒரு முற்பகல் முழுக்கக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஆளுக்கொரு கணக்கு கொடுத்திருந்தேன். ஒருவரும் அதைத் தொடவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பாய் தன் கணக்கைத் திறந்து, திரையைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி வைப்பார். அதன்பின் வருகிறவர்கள் எல்லாம் அதில்தான். கேரள எல்லையில் குமுளிப் பக்கமிருந்து இறங்கியவர் மலையாளத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டுப் போனால், அடுத்து வந்த கோம்பைக்காரருக்கும் மலையாளம்தான்.

நீங்கள்தான் மலையாளம் வெளுத்து வாங்குவீர்களே என்று பாய் கோம்பைக்காரரைச் சீண்டினார்.

"பேசுறதுக்குச் சந்தை போதும் பாய். வாசிக்கப் பள்ளிக்கூடம்ல போகணும். தமிழுக்கே நான் ஒழுங்காப் போகல."

அவரவர் கணக்கில் நுழையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கடைக்கு எதற்கு இத்தனை சாவி என்றார் பாய்.

திரும்பும் பஸ்ஸில் அன்று பார்த்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். வந்த ஒவ்வொருவரும் தவறாமல் செய்தது ஒன்றுதான்: காயின் தரம் பார்க்கத் தன் தோட்ட எண்ணை அடித்தது. மூட்டையிலும் எழுதுகிற எண், மறக்காது. மொழியைக் கணக்கிலிருந்து எடுத்து அந்த எண்ணோடு சேர்த்துவிட்டேன்; அவரவர் மாற்றாதவரை தமிழ்.

திங்கட்கிழமை நானும் போயிருந்தேன். கோம்பைக்காரர் ஒற்றை விரலால் தன் எண்ணை அடித்தார். முந்தையவரின் மலையாளம் போய்த் தமிழ் வந்தது. எழுத்துக்கூட்டி நிதானமாக வாசித்தார். தரம் எப்படிக் குறைந்தது என்று பாயிடம் சண்டைக்கு நின்றார். அந்த நேரம் பார்த்து யாரோ விலை கேட்டுப் போன் செய்தார்கள்.

"இங்கன வந்து நீயே பாத்துக்க மாப்ள," என்றார் பாய். "வாசிச்சுட்டுச் சண்டை போடுறவகளுக்குப் பதில் சொல்லவே எனக்கு நேரம் பத்தல."