வசவு டாக்டரும் அரம் பட்ட விளிம்பும்

ஊதுகிற வாத்தியம் எதை ரிப்பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த மனிதர் முதலில் எடுப்பது திருப்புளி அல்ல, வாய். இதற்கு முன்னால் அதில் கை வைத்தவன் எவனோ, அவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்த பிறகுதான் வேலையே ஆரம்பம். "எந்தப் புண்ணியவான் இதுக்குப் பசை போட்டான்? இது என்ன, செருப்பா?" என்பார். வாத்தியக்காரர்கள் அவருக்கு வசவு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வயது அறுபத்திரண்டு ஆகியும் அந்தப் பெயரில் மனிதருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன் அப்பாவின் பழைய சாக்ஸபோனைக் கொண்டுவந்தாள்.

"அப்பா பேண்டுல வாசிச்சுக்கிட்டிருந்தார். கீழ் ஸ்வரம் மட்டும் உளற ஆரம்பிச்சுது. மூச்சு தளர்ந்துபோச்சுன்னு தானே விலகிட்டார். இருபத்தாறு வருஷமா அலமாரி மேலயே கிடக்கு. இப்ப பேத்தி வாசிச்சுக் காட்டச் சொல்றா, மாட்டேங்கிறார்."

அவர் குழாய்க்குள் சின்ன விளக்கை இறக்கினார். மூடிகளை அழுத்தினால் வெளிச்சம் எங்கேயும் கசியக்கூடாது. இந்தத் தொழிலில் அதுதான் சோதனை. அடியிலிருந்த பெரிய துளையில் அரைவட்டமாக வெளிச்சம் வழிந்தது. மூடியைக் கழற்றினார். குழாய் எப்போதோ கீழே விழுந்து வளைந்திருக்கிறது. வளைவை நிமிர்த்தாமல், துளையின் விளிம்பை மட்டும் அரத்தால் ராவிச் சமமாக்கியிருக்கிறான் ஒருவன். அன்றைக்கு மூடி கச்சிதமாக உட்காரும். ஒரு மாதத்தில் மூடியின் தோல் மெத்தை அமுங்கியதும் காற்று ஓடிவிடும்.

"அடப்பாவி! ஒரு நாள் வேலைக்குச் சோம்பேறித்தனப்பட்டு, பத்து நிமிஷத்துல கழுத்தை அறுத்திருக்கான்மா! உங்கப்பா மூச்சுல ஒரு குறையும் இல்ல. எல்லாம் இந்தக் களவாணி பண்ணின வேலை. அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை முதல்ல அப்பாகிட்டச் சொல்றேன்" என்று ஓடினாள்.

அவள் போனதும் மூடிக்கு மேலிருந்த காப்புத் தகட்டைக் கழற்றித் திருப்பினார். ரிப்பேர்காரர்கள் வேலை முடிந்ததும் வெளியே தெரியாத இடத்தில் தேதியும் தங்கள் குறியும் கீறிவைப்பார்கள். தகட்டின் அடியில் ஒரு குட்டி மீன் இருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதி. மீன் அவருடைய குறி.

மனிதருக்குக் காது வரைக்கும் சூடேறியது. அப்போது ஊரின் அந்தக் கோடியில் ஒரு வாத்தியக் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். முதலாளி கழுத்தில் கத்தி வைக்காத குறையாக அவசரப்படுத்துவார். ஆனால் அரத்தை எடுத்தது முதலாளியின் கை இல்லையே.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். மனைவியிடம் சொன்னார்.

"சொல்லாம விட்டா யாருக்குங்க தெரியப்போகுது?" என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"இத்தனை வருஷம் ஊர்ல இருக்கிறவனை எல்லாம் திட்டினீங்களே" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நான்கு நாள் வேறு எதையும் தொடவில்லை. குழாய்க்குள் இரும்புத் தண்டைச் செருகி, மெல்ல மெல்லத் தட்டி வளைவை எடுத்தார். ராவிப்போன விளிம்பில் மெல்லிய பித்தளை வளையத்தைப் பற்றவைத்துச் சமமாகத் தேய்த்தார். மெத்தைகளை மாற்றினார். வாயிலிருந்து ஒரு வசவுகூட வரவில்லை. திட்ட வேண்டிய ஆள் அந்த அறையிலேயே அல்லவா உட்கார்ந்திருந்தான்!

சனிக்கிழமை மகளோடு முதியவர் வந்தார். ரிப்பேர்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கருவியை வாங்கி, ஆகக் கீழே இருக்கும் ஸ்வரத்தை ஊதினார். கனமாக, பிசிறில்லாமல் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகள் கைதட்டினாள்.

"அந்தப் படுபாவி யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா" என்றார் அவர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தகட்டைத் திருப்பி மீனைக் காட்டினார்.

மகள் முகம் மாறியது. முதியவர் மட்டும் சிரித்தார்.

"உள்ள வந்ததுமே நினைச்சேன், இந்த முகத்தைப் பார்த்திருக்கோமேன்னு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி உங்ககிட்டக் கொண்டுவந்தேன், ஞாபகம் இருக்கா? வாங்கிப் பார்த்துட்டு, 'வாத்தியம் சரியாத்தான் இருக்கு, உங்க மூச்சுதான் தளர்ந்துபோச்சு'ன்னீங்க. தொழில் தெரிஞ்சவர் சொன்னா நம்பாம இருப்பேனா? மறுநாளே பேண்டுல சொல்லிட்டு வந்துட்டேன்."

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம். நாலு நாளாக அவர் நினைக்காமல் தள்ளிக்கொண்டிருந்தது அதைத்தான். கடை மேசை, பக்கத்தில் முதலாளி, விளக்கை இறக்கியதும் விளிம்பில் கசிந்த வெளிச்சம், எல்லாம் கண்ணெதிரே நின்றன.

"தப்பு நடக்கிறது சகஜம்தான்" என்று முதியவர் அவர் தோளைத் தட்டினார். "உங்களுக்கு அப்பத் தெரியல, அவ்வளவுதானே. விடுங்க."

தலையாட்டினால் போதும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

"தெரியுங்க" என்றார். "அன்னிக்கே தெரியும்."

முதியவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.