செல்கள் பழகவில்லை

இருட்டறையிலிருந்து அக்கா எடுத்துவந்த எக்ஸ்ரே பிலிமில், கறுப்புக் கோடு தடித்திருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மெல்போர்னில் நாங்கள் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் திருச்சிக்காரன். நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நோபிள் பார்க் புறநகரில் தனியாக இருந்தார். மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வை வெட்டிச் சீராக்கும் ஒரு நொதிதான் அவருடைய ஆராய்ச்சி. படியெடுப்பு முடிந்த பிறகே அதற்கு வேலை என்று நம்பியிருந்தோம். எலியின் செல்களில் அந்த நொதியைக் குறைத்தால், வெட்டப்படாத ஆர்.என்.ஏ. குவிந்து பிலிமில் கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். குவியவில்லை. படியெடுப்பே அடங்கிப்போயிருந்தது.

செல்கள் செத்திருக்கும், திரும்பச் செய் என்றார் பேராசிரியர். அக்கா திரும்பச் செய்தார். அது 2009, வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்தது. அவருடைய தம்பி அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். எப்போதாவது வந்த போனும் நின்றுவிட்டது. “சாப்பிட்டீங்களா அக்கா?” என்று கேட்டால் “ஓம், ஓம்” என்பார், டப்பா திறக்காமலே கிடக்கும். செல்கள் சாகவில்லை. அதே வெறுமை மறுபடியும் வந்தது.

பிறகு, வெட்டும் திறனை மட்டும் அழித்துவிட்டு அந்த நொதியைச் செல்களுக்குள் திரும்பச் செலுத்திப் பார்த்தார். கோடு வந்துவிட்டது. நான் துள்ளினேன்.

“அக்கா, இது ஒண்ணுமே செய்ய வேணாம் போல! மரபணு பக்கத்துல சும்மா இருந்தாலே போதும்!”

பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபடியே அக்கா சொன்னார்.

“ஓம். இருந்தாக் காணும்.” போதும் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

நான் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சண்டை முடிந்தது. தம்பி எந்த முகாமிலும் இல்லை. சில மாதங்கள் கழித்து சிட்னியில் ஒரு கூட்டத்தில் அக்கா தன் ஆய்வு முடிவுகளைச் சொன்னார். குரல் தடுமாறவே இல்லை. கடைசியில் ஒருவர் எழுந்து, நொதி நிரந்தரமாகப் போய்விட்டால் செல்கள் அது இல்லாமலே பழகிக்கொள்ளுமா என்று கேட்டார். அக்கா மைக்கைக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: இதுவரை பழகவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். அவ்வப்போது போனில் பேசிக்கொள்வோம். தம்பியைப் பற்றிப் பேசும்போது ‘இருந்தவன்’ என்ற சொல் அக்கா வாயிலிருந்து ஒருமுறைகூட வந்ததில்லை. போன வாரம் மெல்போர்னில் நல்ல மழையும் குளிருமாம்.

“அவனுக்கு இந்தக் குளிர் ஒத்துவராது” என்றார்.