வெள்ளிக்கிழமை கழுவிய மில்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். கம்பத்தில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு மாவு மில் நடத்துகிறோம். தீபாவளி முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்கும் பெண்கள் வரிசை கட்டி நிற்கும் நேரம். ஒரு புதன்கிழமை மோட்டாரில் தீப்பிடித்து, மில்லே கரியாகிவிட்டது. யாருக்கும் காயமில்லை, அதுவரைக்கும் பிழைத்தோம்.

கடன் வாங்கியபோது பாங்கில் சொன்னதற்காக எடுத்த இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. எரிந்த மிஷினுக்கு மட்டுமல்ல, மில் மூடிக் கிடக்கும் நாட்களின் வருமானத்துக்கும் பணம் உண்டு என்பதே மறுநாள் பாங்குக்கு ஓடியபோதுதான் தெரிந்தது. அது வந்தால் மில்லைத் திறக்கலாம். வராவிட்டால் இருவரும் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை என் நாத்தனார் வந்தாள். "மதினி, வெள்ளியும் அதுவுமா கரியும் சாம்பலுமா கெடந்தா லச்சுமி எப்படி அங்கன தங்குவா?" என்றாள். எனக்கோ விளக்குமாறு கையில் கிடைத்தால் போதும். சுவரைத் தேய்த்து, தரையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் கோலமும் போட்டுவிட்டேன். கருகிய மோட்டாரையும் ஒயர்களையும் தெருவில் வந்த பழைய இரும்பு வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று.

மதியம், சேதத்தைப் பார்த்துக் கணக்கெழுதும் இன்சூரன்ஸ் சர்வேயரிடமிருந்து போன் வந்தது. "நாளைக்குக் காலையில வர்றேன். எதையும் தொடாம அப்படியே வச்சிருங்க."

கோலம் போட்ட மில்லைக் காட்டி, எரிந்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? என் கணவர் என்னைத் திட்டவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மோட்டாரையாவது மீட்டுக் காட்டலாம் என்று பழைய இரும்புக் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில்தான் எங்கள் வண்டிக்காரர் சரக்கைப் போட்டிருந்தார். அங்கே லாரியில் லோடு ஏற்றி, கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நடுரோட்டிலேயே அழுதுவிட்டேன்.

கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் மோட்டார் ஒரு மூலையில் ஒயரோடு கிடந்தது. "தீப்பிடிச்ச சாமான நான் ஒரு வாரம் ஏத்த மாட்டேன் ஆத்தா. வெள்ளிக்கெழம கழுவிப் போட்டுட்டு, திங்கக்கெழம அலறியடிச்சு ஓடி வருவாக. நீ வெள்ளிக்கெழமயே வந்துட்ட, கெட்டிக்காரி" என்றார். அழுகையோடு சிரித்தேன். வண்டிக்காரருக்குக் கொடுத்த விலைக்கே திருப்பித் தந்தார்.

மறுநாள் கோலத்தைப் பார்த்து சர்வேயர் முகம் சுளித்தார். மோட்டாரைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் எழுதவே ஆரம்பித்தார். அதன்பின் பணம் வரும்வரை, போன் அடித்தாலே போட்டது போட்டபடி ஓடுவேன். நான் கழுவிவிட்டதற்கெல்லாம் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். தை மாதம் மில் மறுபடி ஓடியது.

இப்போது எங்கள் பக்கம் எந்தக் கடையில் தீப்பிடித்தாலும், ஆறுதல் சொல்வதற்கு முன்னால் "எதையும் கழுவிராதீக" என்றுதான் சொல்கிறேன். லாரி முன்னால் நின்று நான் அழுத அழுகை இன்னொருத்திக்கு வரவேண்டாம்.