ஆளப் போகிறவர்களுக்கு ஒரு வகுப்பு

எனக்கு முப்பது வயது தாண்டிய புதிதில் நான் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் தேர்தல் பேச்சு. செருப்புத் தைக்கவே பழக வேண்டியிருக்கிறதே, ஊரை ஆளப் பழக வேண்டாமா என்று கேட்ட கிரேக்கர்களை நான் முழுசாக நம்பினேன். மயிலாப்பூர் மாடவீதியில் மாடி அறை ஒன்றைப் பிடித்து, அரசியலுக்கு வர ஆசைப்பட்டவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு வைத்தேன்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருவர் வக்கீல், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "தன்னை ஆளத் தெரியாதவன் ஊரை ஆளலாமா?" என்று கேட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவர் எதிர்க்கேள்வி போட்டு என்னையே மடக்குவார். அவர் தேர்தலில் நின்றபோது, சாந்தோமில் எங்கள் மாதா கோயில் பங்கு ஜனங்களிடம், "நியாயஸ்தர், நம்பலாம்" என்று வீடு வீடாகச் சொன்னேன். ஜெயித்தார்.

ஆறே மாதத்தில், கடலோரக் குப்பம் ஒன்றை அப்புறப்படுத்த நகரசபையில் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் அவர்தான்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். "அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

அவர் கோபப்படவில்லை. "நோயாளியைக் கேட்டா சார் வைத்தியர் மருந்து கொடுக்கிறார்? ஆள்கிறவன் ஒரு பகுதியின் சுகத்தைப் பார்க்கக்கூடாது, முழு ஊரையும் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னதுதானே?"

சொன்னதுதான். அதே வார்த்தைகளில். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்."

"அது வாதமில்லையே சார்" என்றார்.

ஐப்பசி மழையில் குடிசைகளைப் பிரித்தார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் நனைந்த ஓலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அந்த வக்கீலு உன்னாண்டதான் படிச்சாராமே வாத்தியாரே? இன்னாதான் சொல்லிக் குடுத்தே?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சும்மா நின்னுக்கினு கீறியே, இந்தக் கம்பப் புடி" என்றாள். பிடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்று நான் சொல்வதை வைத்து இவர்களில் யார் நாளை எவருடைய கூரையைப் பிரிப்பாரோ? வாய் திறக்கவே பயமாயிருந்தது. "போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டு, அந்த வாரமே அறையைக் காலி செய்தேன்.

வக்கீல் பிறகு இன்னும் பெரிய பதவிக்குப் போனார். மேடைகளில் என்னைத் தன் குரு என்று சொல்வாராம்.